யூரியா மூட்டைக்குள் மூன்று அமைச்சகங்கள்

ஒரு கைப்பிடி யூரியாவை வாளித் தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கினால் தண்ணீர் சில்லென்று ஆகிவிடும். கரையும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிற பொருள் அது. வயலில் விசிறினால் ஈரத்தில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆனால் ஒரு வாரத்துக்குள் வெளிறிக் கிடந்த பயிர் கரும்பச்சைக்குத் திரும்பியிருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்துப் பழகிய விவசாயியிடம் போய் "யூரியாவைக் குறையுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கடினமான வேலை என்பதைக் கடந்த சில ஆண்டுகளில் பல அரசுகள் அனுபவத்தில் தெரிந்துகொண்டிருக்கின்றன. இரண்டு நாடுகளில் அந்த அனுபவம் ஆட்சியையே அசைத்தது.

காரணம், அந்த மூட்டை ஒரு துறைக்கு மட்டும் சொந்தமானதல்ல. அதைச் செய்ய எரிவாயு வேண்டும், எனவே எரிசக்தித் துறை. விளைச்சல் அதை நம்பி நிற்கிறது, எனவே வேளாண் துறை. பயிர் எடுத்துக்கொள்ளாத மிச்சம் கிணற்றிலும் ஆற்றிலும் காற்றிலும் போய்ச் சேர்கிறது, எனவே சுற்றுச்சூழல் துறை. மூவருக்கும் தனித்தனிக் கணக்கு, தனித்தனி இலக்கு. மூன்று கணக்கும் ஒன்றாக வந்து விழுவது வயலில்தான். இவர்கள் போட்ட கொள்கைகளின் நோக்கத்தில் பெரிய குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை. வரிசையில்தான் தவறினார்கள். மாற்று கைக்கு வருமுன் இருந்ததைப் பிடுங்கினார்கள், அதற்கான செலவையும் விவசாயி தலையிலேயே கட்டினார்கள்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் இது புரியும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் செடியால் முடியாது. இரண்டு அணுக்கள் அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்து கிடக்கின்றன. இயற்கையில் அந்தப் பிணைப்பை உடைப்பவை மின்னலும், பயறு வகைகளின் வேர்முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியாவும், மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு சில நுண்ணுயிர்களும்தான். அதனால்தான் தலைமுறை தலைமுறையாக உழவர்கள் சாணம் போட்டார்கள், தழை மிதித்தார்கள், பயறு விதைத்து மண்ணைத் தேற்றினார்கள். 1909இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் ஓப்பாவ் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டே போர் வந்தது, அதே அம்மோனியா வெடிமருந்தாகவும் போனது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் உணவு இந்த வழியில் வந்த நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. "ரசாயன உரமே வேண்டாம்" என்று பேசுவதற்கு முன் அந்தப் பாதிப் பேரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? உலகின் பெரும்பாலான ஆலைகளில் இயற்கை எரிவாயுவிலிருந்து, சீனாவில் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து. எரிவாயுவில் ஓடும் ஆலையில் அம்மோனியாவின் அடக்கச் செலவில் பெரும்பங்கு எரிவாயுவின் விலைதான். உலகம் செலவழிக்கும் எரிசக்தியில் 2 சதவீத அளவு அம்மோனியாவுக்கே போகிறது. ஆக, அந்த அம்மோனியாவிலிருந்து செய்யப்படும் யூரியா என்பது குருணையாக மாற்றப்பட்ட எரிவாயு என்று சொன்னால் மிகையில்லை. எங்கோ எரிவாயு விலை ஏறினால் இங்கே உர விலை ஏறும், இல்லையென்றால் அரசின் மானியச் சுமை ஏறும்.

விதையும் இதற்கு ஏற்றபடி மாறியது. பழைய நெட்டை ரகங்களுக்கு நைட்ரஜனைக் கூட்டினால் தண்டு நீண்டு, கதிர் முற்றும்போது பயிர் சாய்ந்துவிடும். 1960களில் வந்த குட்டை ரகங்கள் உரத்தைத் தாங்கி நின்றன, தின்ற உரத்தை மணியாக்கின. 1966இல் வெளிவந்த ஐ.ஆர்.8 நெல் அப்படிப்பட்டது. அந்த நாட்களில் இந்தியாவின் வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம் புதிய விதைக்கும் உரத்துக்கும் அந்நியச் செலாவணி கேட்டார். நிதி அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கஜானாவைக் காட்டித் தயங்கினார். இரண்டு தமிழர்கள், ஒரே அமைச்சரவை, எதிரெதிர்க் கவலைகள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. பஞ்சத்தின் ஓரத்தில் நின்ற நாட்டுக்கு விளைச்சல் வேண்டும். அந்த விளைச்சலுக்காக இறக்குமதியைச் சார்ந்திருந்தால் பின்னால் என்ன ஆகும் என்பதையும் யாராவது கேட்க வேண்டும். சுப்பிரமணியம் சொன்னதே நடந்தது, தானியக் கிடங்குகள் நிரம்பின. டி.டி.கே. கேட்ட கேள்வி மட்டும் இன்றைக்கும் பதில் கிடைக்காமல் நிற்கிறது.

விலை என்கிற பொறி

இந்திய அரசியலில் யூரியாவின் விலை தொடக்கூடாத பொருள். 1991 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார். எதிர்ப்பு வெடித்ததும் 30 ஆகக் குறைத்து, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் கொடுத்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் விலைக் கட்டுப்பாடு நீங்கியது, அவை விலை ஏறின. யூரியாவின் விலையோ கட்டுப்பாட்டிலேயே இருந்தது, போதாததற்கு 10 சதவீதம் குறைக்கவும் பட்டது. விவசாயி என்ன செய்வார்? மலிவானதைக் கூட்டினார், விலை ஏறியதைக் குறைத்தார். தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பேட்), சாம்பல் (பொட்டாஷ்) சத்துகள் பொதுவாக நாலுக்கு இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். 1991-92இல் கிட்டத்தட்ட ஆறுக்கு ஒன்று என்றிருந்த தழை, சாம்பல் சத்து விகிதம் ஒரே ஆண்டில் ஒன்பதரைக்கு ஒன்றாகத் தாவியது. 2010இல் சத்தின் அடிப்படையில் மானியம் என்ற புதிய முறை வந்தபோதும் யூரியாவை வெளியே வைத்துவிட்டார்கள்.

இன்று 45 கிலோ யூரியா மூட்டை, வேப்பெண்ணெய்ப் பூச்சோடு சேர்த்து, 266 ரூபாய் 50 காசு. டிஏபி என்ற பாஸ்பேட் உரத்தின் 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். உலகச் சந்தை கொதித்த ஆண்டுகளில் அந்த யூரியா மூட்டையின் உண்மை அடக்கம் 2,000 ரூபாயைத் தாண்டியது. மீதியைக் கஜானா கட்டியது. 2022-23இல் உர மானியம் மொத்தம் ஏறக்குறைய இரண்டரை லட்சம் கோடி ரூபாய். இந்தப் பணத்தை விவசாயிக்குக் கொடுத்த சலுகை என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. அதில் பெரும்பகுதி ஆலைக்கும் இறக்குமதியாளருக்கும் எரிவாயு விற்பவருக்கும் போய்ச் சேர்கிறது. அரிசி, கோதுமை விலையைக் கட்டிவைப்பதன் மூலம் வாங்கிச் சாப்பிடுகிற நகரத்துக்கும் போகிறது.

யூரியா கூடினால் என்ன ஆகும் என்று விவசாயிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். இலை கொழுத்தால் புகையான் பூச்சி வரும், காற்றடித்தால் பயிர் சாயும். ஆனால் பக்கத்து வயல் பச்சையாக நிற்கும்போது தன் வயல் வெளிறி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. மூட்டை விலை அவ்வளவு குறைவாக இருக்கும்போது இன்னும் அரை மூட்டை விசிறுவது அவருக்குக் காப்பீடு மாதிரி. கணக்குப்படி அவர் செய்வது சரி. அந்தக் கணக்கை எழுதியவர்கள்தான் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெரும்போகத்தில் நடந்தது

இலங்கையின் கதையைத் தமிழ் வாசகருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை என்று தோன்றலாம். ஆனால் அது பெரும்பாலும் தவறான பாடத்தோடு சொல்லப்படுகிறது. "இயற்கை விவசாயம் செய்தால் நாடு திவாலாகும்" என்பார்கள். நடந்தது அதுவல்ல.

2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச பத்து ஆண்டுகளில் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாறுவோம் என்று வாக்குறுதி கொடுத்தார். அதற்கு நியாயமான பின்னணி இருந்தது. வடமத்திய மாகாணத்தில் காரணம் சரியாக விளங்காத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் வாட்டிக்கொண்டிருந்தது. வேளாண் ரசாயனங்கள் மீது சந்தேகம் வலுத்திருந்தது. ஆட்சிக்கு வந்ததும் முதலில் செய்ததோ நெல் விவசாயிகளுக்கு உரத்தை இலவசமாக்கியது. அப்புறம் கொரோனா வந்தது, சுற்றுலா நின்றது, டாலர் வறண்டது. உரம் இறக்குமதி செய்யப் பணம் இல்லை. 2021 மே மாதம் ரசாயன உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதிக்கு ஒரே அடியாகத் தடை. பத்து ஆண்டு வாக்குறுதி ஒரு வர்த்தமானி அறிவித்தலில் முடிந்துபோனது. இலவசமாக வாங்கிப் போட்ட கமக்காரருக்கு அடுத்த ஆண்டு காசு கொடுத்தாலும் பசளை கிடையாது.

அந்த ஆண்டு நடுவில் வெரிட்டே ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனம் விவசாயிகளிடம் ஒரு கருத்தாய்வு நடத்தியது. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவானவர்கள் சேதன விவசாயத்துக்கு மாறும் நோக்கத்தை ஆதரித்தார்கள். ஆதரித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓராண்டுக்கு மேல் அவகாசம் வேண்டும் என்றார்கள். இந்த இரண்டு வரியை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். விவசாயி எதிரி அல்ல. அவர் கேட்டது நேரம்.

நேரம் கொடுக்கப்படவில்லை. ஒரு ஏக்கர் நெல்லுக்குச் சில பத்துக் கிலோ யூரியா கொடுக்கிற நைட்ரஜனைக் கூட்டெருவில் கொடுக்க வேண்டுமென்றால் டன் கணக்கில் எரு வேண்டும். அவ்வளவு எரு தீவில் தயாராக இல்லை. சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றி வந்த ஹிப்போ ஸ்பிரிட் கப்பலின் மாதிரிகளில் பயிருக்குக் கேடு செய்யும் பாக்டீரியா இருப்பதாகச் சொல்லி இலங்கை அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். வேண்டாம் என்று சொன்ன அந்தச் சரக்குக்கு 67 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியும் வந்தது. 2021 நவம்பரில் தடை விலக்கப்பட்டது, ஆனால் அதற்குள் ஆண்டின் முக்கிய நெற்பருவமான பெரும்போகத்தின் விதைப்பு பல இடங்களில் முடிந்துவிட்டது. அடியுரத்துக்கு ஒரு நாள், தூர் கட்டும்போது ஒரு நாள், கதிர் பருவத்தில் ஒரு நாள் என்று நெல்லுக்கு நாள் கணக்கு உண்டு. கொழும்பில் கையெழுத்துப் போடும் தேதிக்காகப் பயிர் காத்திருக்காது.

அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசி இறக்குமதி செய்தது. அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தேயிலையும் அடிவாங்கியது, அதாவது டாலரை மிச்சப்படுத்தப் போட்ட தடை டாலர் வரும் வழியையும் அடைத்தது. 2022 ஜனவரியில் நெல் விவசாயிகளுக்கு 40,000 மில்லியன் ரூபா இழப்பீடு அறிவித்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார். அவர் வீழ்ந்ததற்குக் கடன், எரிபொருள் வரிசை, மின்வெட்டு என்று காரணங்கள் பல. ஆனால் கிராமங்கள் அவரைக் கைவிட்டது பசளையில் தொடங்கியது.

தலைகீழாகப் பறந்த கொடி

நெதர்லாந்தில் பணம் இருந்தது, விஞ்ஞானிகள் இருந்தார்கள், சட்டம் வலுவாக இருந்தது. அங்கேயும் இதே இடத்தில்தான் சிக்கினார்கள்.

சின்ன நாடு அது. ஏறக்குறைய 40 லட்சம் மாடுகள், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பன்றிகள், 10 கோடி அளவில் கோழிகள். அவற்றின் தீவனத்தில் பெரிய பங்கு தென் அமெரிக்க சோயா. கடல் கடந்து வரும் அந்த நைட்ரஜன் சாணமாகவும் மூத்திரமாகவும் மாறி, அம்மோனியாவாகக் காற்றில் எழுந்து, பக்கத்துக் காட்டில் படிகிறது. உரம் விழுந்தால் காட்டுக்கு நல்லதுதானே என்று தோன்றும். வெலூவே காட்டுப் பகுதியில் நடந்ததைப் பாருங்கள். மண் அமிலமாகி அதிலிருந்த சுண்ணாம்புச் சத்து கரைந்து போனது. ஓடு கட்டச் சுண்ணாம்பு கிடைக்காமல் நத்தைகள் குறைந்தன. நத்தை ஓட்டைத் தின்று எலும்புக்குச் சத்துச் சேர்க்கிற சிறு பறவைகளின் கூடுகளில், கால் ஒடிந்த குஞ்சுகள் கிடந்தன. கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொன்ன கதை இது. இதற்குப் பிறகும் நைட்ரஜன் பிரச்சினையைக் காகிதப் பிரச்சினை என்று யாரும் சொல்ல முடியாது.

அரசு அதைப் பல ஆண்டுகள் காகிதத்திலேயே சமாளித்தது. நாளைக்குக் குறையப்போகிறது என்ற கணக்கை வைத்து இன்றைக்குப் பண்ணை விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் பால் உற்பத்திக்கான உச்சவரம்பை நீக்கியபோது விவசாயிகள் கடன் வாங்கிக் கொட்டகையைப் பெரிதாக்கினார்கள். வங்கியும் அதையே சொன்னது, ஆலோசகரும் அதையே சொன்னார். 2019 மே 29 அன்று நாட்டின் உயர்ந்த நிர்வாக நீதிமன்றம் அந்த அனுமதித் திட்டம் செல்லாது என்றது. பண்ணைகள் மட்டுமல்ல, வீடு கட்டும் பணிகளும் சாலைப் பணிகளும் நின்றன. வாகனப் புகையிலும் நைட்ரஜன் இருப்பதால் 2020 மார்ச்சில் நெடுஞ்சாலைகளில் பகல் நேர வேகத்தை 100 கிலோமீட்டராகக் குறைத்தார்கள். கட்டுமானத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கக் கார்களை மெதுவாக ஓட்டச் சொன்ன அரசு அது.

2022 ஜூனில் அமைச்சர் கிறிஸ்டியான வான் டெர் வால் ஒரு வரைபடம் வெளியிட்டார். எந்தப் பகுதியில் எவ்வளவு சதவீதம் குறைக்க வேண்டும் என்று அதில் வண்ணம் தீட்டியிருந்தது. சில இடங்களில் 95 சதவீதம். தன் பண்ணை இருக்கும் கட்டத்தில் அந்த எண்ணைப் பார்க்கிற ஒருவருக்கு அதன் பொருள் ஒன்றுதான்: நீ இங்கே இருக்க முடியாது. அவருக்கு ஈடாக என்ன கிடைக்கும், எப்போது, கடனை யார் அடைப்பது என்பது அந்த வரைபடத்தில் இல்லை. நிதி பிறகு வரும் என்றார்கள், 24 பில்லியன் யூரோ என்றார்கள். ஆனால் வரைபடம் முதலில் வந்துவிட்டது. சாலையோரக் கம்பங்களில் நாட்டுக் கொடி தலைகீழாகப் பறந்தது. 2019இல் தொடங்கிய விவசாயிகள் குடிமக்கள் இயக்கம் என்ற கட்சி 2023 மார்ச் மாகாணத் தேர்தலில் பன்னிரண்டு மாகாணங்களிலும் முதலிடத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு அந்தக் கட்சியும் சேர்ந்த கூட்டணி ஆட்சிக்கு வந்து, ஒதுக்கி வைத்திருந்த நிதியில் பெரும்பகுதியை ரத்து செய்தது. மாறிக்கொள்ளத் தயாராக இருந்த விவசாயிக்கும் பணம் இல்லாமல் போனது, காட்டுக்கும் நிவாரணம் இல்லை. மண்ணில் அமிலம் அப்படியே இருக்கிறது.

இந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. யூரியாவின் உலக விலை டன்னுக்கு 900 டாலரைத் தாண்டியது. எரிவாயு வாங்கிக் கட்டுப்படியாகாமல் ஐரோப்பாவின் அம்மோனியா ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உற்பத்தியைக் குறைத்தன. ரஷ்ய எரிவாயுவைக் குழாயில் வாங்குவதைக் குறைத்த ஐரோப்பா, அதே எரிவாயுவில் செய்த ரஷ்ய யூரியாவைக் கப்பலில் வாங்கிக்கொண்டிருந்தது. உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் உரத்துக்குத் தடை இல்லை. 2025 ஜூலையில்தான் அதன் மீது கூடுதல் சுங்கவரி விழத் தொடங்கியது. எரிசக்திக் கொள்கை ஒரு கதவை மூடும்போது வேளாண் கொள்கை இன்னொரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

மேசையில் யார் இருந்தார்கள்

டென்மார்க்கின் பாதை வேறு. 1986இல் கட்டகாட் கடலில் ஆக்ஸிஜன் இல்லாமல் செத்த இறால் வகைகளைத் தொலைக்காட்சியில் பார்த்த மக்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே நீர்நிலைகளைக் காக்கும் முதல் பெரிய திட்டம் நாடாளுமன்றத்தில் வந்தது. சாண எருவைச் சேமிக்கத் தொட்டி, எந்த மாதத்தில் வயலில் விடலாம் என்ற விதி, பண்ணைக்குப் பண்ணை உரக் கணக்கு என்று படிப்படியாக இறுக்கினார்கள். முப்பது ஆண்டுகளில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் நைட்ரஜன் ஏறக்குறைய பாதியானது. சண்டை இல்லாமல் நடக்கவில்லை. பயிருக்கு வேண்டியதை விடக் குறைவாக உரம் கொடுக்கச் சொல்கிறார்கள், கோதுமையில் புரதம் குறைகிறது என்று விவசாயிகள் வாதாடி 2015இன் இறுதியில் விதியைத் தளர்த்த வைத்தார்கள். அதற்குக் காட்டிய புள்ளிவிவரங்கள் சரியில்லை என்று கிளம்பிய சர்ச்சையில் அடுத்த சில மாதங்களிலேயே அமைச்சர் பதவி விலகினார்.

2024இல் அங்கே அரசு, விவசாயிகள் சங்கம், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், தொழில் அமைப்புகள் எல்லாம் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. கால்நடைகள் வெளியிடும் பசுங்குடில் வாயுவுக்கு 2030 முதல் வரி. டன்னுக்கு 300 குரோனர், 2035இல் 750. அதில் 60 சதவீதம் கழிவு உண்டு, வசூலாவது மாற்றத்துக்கே திரும்பும், நிலத்தைக் காடாக்குவதற்குத் தனி நிதி. இது போதாது என்று சூழலியலாளர்கள் சொல்கிறார்கள், அதிகம் என்று சில விவசாயிகள் சொல்கிறார்கள். இன்னும் சோதித்துப் பார்க்கப்படாத ஒப்பந்தம்தான். ஆனாலும் அறிவிப்புக்கும் முதல் வரிக்கும் நடுவே ஆறு ஆண்டு இருக்கிறது, எவ்வளவு என்பது முன்பே தெரியும், கையெழுத்துப் போட்டவர்களில் விவசாயிகளின் ஆட்களும் இருக்கிறார்கள்.

எரிவாயு இல்லாமல் உரம் செய்ய முடியாதா என்றால், முடியும். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால் போதும். இது புதிய கண்டுபிடிப்பு மாதிரி இப்போது பேசப்படுகிறது. 1961இல் பஞ்சாபின் நங்கலில் திறந்த உர ஆலை பக்ரா அணையின் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்துத்தான் அம்மோனியா செய்தது. பின்னால் மின்சாரத்துக்குப் போட்டி கூடியதும் ஆலை எண்ணெய்க்குப் போனது, அப்புறம் எரிவாயுவுக்கு. சூரிய மின்சாரம் மலிவாகி வரும் காலத்தில் அந்தப் பழைய வழிக்குத் திரும்பலாம். ஆனால் அது எரிசக்திக் கணக்கை மட்டுமே சரிசெய்யும். பச்சை மின்சாரத்தில் செய்த யூரியாவும் வயலில் அதே யூரியாதான். பயிர் எடுக்காத மிச்சம் அப்போதும் கிணற்றுக்கும் ஆற்றுக்கும் காற்றுக்கும் போகும். மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு கார்பன் டைஆக்சைடை விட 270 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும்.

மிச்சக் கணக்கு வயலில்தான் தீர வேண்டும். அதற்கான கருவி மிக எளியது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய இலை வண்ண அட்டை, ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் பட்டை, இளம் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டங்கள். முழுதாக விரிந்த மேல் இலையைக் கிள்ளாமல், வெயில் நேரடியாக விழாதபடி தன் உடம்பின் நிழலில் பிடித்துப் பட்டையோடு ஒப்பிட வேண்டும். வயலில் பத்து இடத்தில் இப்படிப் பார்த்து, பாதிக்கு மேற்பட்ட இலைகள் குறித்த கட்டத்தை விட வெளிறியிருந்தால் மட்டும் மேலுரம். இல்லையென்றால் மூட்டை வீட்டிலேயே கிடக்கலாம்.

அட்டையைக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது. முதல் பருவம் முழுக்க யாராவது வரப்பில் கூட நின்று, "இன்னும் நாலு நாள் பொறுங்கள், இலை தாங்கும்" என்று சொல்ல வேண்டும். அப்போது விவசாயி அவரிடம் கேட்கப் போவது ஒன்றுதான்: பொறுத்து, மகசூல் குறைந்துபோனால் எனக்கு யார் கொடுப்பார்கள்? 2023இல் இந்திய அரசு பிஎம்-பிரணாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ரசாயன உரத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மானியத்தில் பாதித் தொகை மாநிலங்களுக்கு நிதியாகத் திரும்பும். அந்தப் பணம் முதலில் வந்து சேர்வது மாநில அரசின் கணக்கில். வரப்பில் நிற்பவர் தன் உடம்பின் நிழலில் இலையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறது.